வேலில் கட்டிய பிராது

அத்தியாயம் 12

கனகாவுக்கு அன்று காலையில் எழுந்தபோதே அலுப்பாக இருந்தது. நன்றாகத் தூங்கித்தான் எழுந்தாள். ஆனாலும் ஒரு கல்யாண வீட்டு வேலையை ஒற்றை ஆளாக முடித்துவிட்டு வந்தவள் மாதிரி உடம்பு கனத்தது.

அவள் வீட்டுக்காரர் விருத்தகிரி, விருத்தாசலம் பீங்கான் கம்பெனிக்குக் காலை ஷிப்டு கிளம்பிக்கொண்டிருந்தார். டிபன் டப்பாவை நீட்டினாள், வாங்கிக்கொண்டார். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினார். அப்புறம், தீபாவளியிலிருந்து தினமும் கேட்கிற அந்த ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார்.

“இன்னைக்கு என்னா கொழம்பு?”

“காராமணி போட்டு கத்திரிக்கா. ஏன், வேற எதனா வேணுமா?”

“இல்ல, இல்ல. அதே வையி.”

அவ்வளவுதான் பேச்சு. கட்டின புருஷன் ஒரு நாளைக்குத் தன்னிடம் பேசுவது குழம்பைப் பற்றி மட்டும்தான் என்று நினைத்தால் கனகாவுக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். சரி, அவ்வளவு ஆசையாகக் கேட்கிறாரே, சாப்பிடும்போது நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை வருமா என்றால் அதுவும் வராது.

முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் சங்கதி தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே வருகிறவர்கள் கொஞ்சம் இப்படி உட்காருங்கள், சொல்லிவிடுகிறேன்.

விருத்தகிரி, கனகா தம்பதியின் மகள் பாரதி, மூன்று வருடத்துக்கு முன்னால் விழுப்புரத்து ராஜ்மோகனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். நம்ம சனம் இல்லை என்பது ஒரு குறை. சொல்லாமல் போனாள் என்பது அதைவிடப் பெரிய குறை. சொந்தக்காரர்கள் கூடி நின்ற வாசலில் விருத்தகிரி கற்பூரத்தைக் கொளுத்தி அடித்து, ‘இனிமே அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்’ என்று சத்தியம் செய்தார். மகன் அறிவழகன் தன் பங்குக்கு பஸ் ஸ்டாண்டில் வைத்து ராஜ்மோகனின் சட்டையைக் கிழித்தான். கனகா எதுவும் செய்யவில்லை. வீட்டுப் போன்களில் மகள் நம்பரையும் அவள் புருஷன் நம்பரையும் மட்டும் பிளாக் செய்தாள். அதையும் மகனிடம் போனைக் கொடுத்துத்தான் செய்யச் சொன்னாள். அவளுக்கு அது வராது.

அதற்குப் பிறகு விருத்தகிரி வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்தார். கம்பெனியில் அவருக்கு வேலை, சூளையிலிருந்து இறங்கும் கப்புகளைக் குச்சியால் தட்டி, சத்தத்தை வைத்து விரிசல் விட்டதை ஒதுக்குவது. நாள் முழுக்கச் சத்தம் கேட்கிற மனுஷன், வீட்டிலாவது சத்தம் வேண்டாம் என்று இருக்கிறார் போல என்று கனகா ஆரம்பத்தில் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

போன தீபாவளிக்கு அறிவழகன் பெங்களூரிலிருந்து ஒரு ஹெட்செட் கொண்டுவந்தான். கண்ணை மறைத்து முகத்தில் மாட்டுகிற பெட்டி. மாட்டிக்கொண்டால் வீடு மறைந்து வேறு ஊர் தெரியும். அவன் வேலை பார்க்கிற கம்பெனி அதைத்தான் விற்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று கனகா எதிர்பார்த்தாள். அவர் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிளாஸ்டிக் சேரைச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பேசினார். கையை ஆட்டி ஆட்டிச் சிரித்துச் சிரித்துப் பேசினார். நடுநடுவே ‘வெண்பா, வெண்பா’ என்று ஒரு பெண்ணின் பெயர் வந்தது.

பக்கத்து வீட்டு அம்சவல்லிக்குத்தான் பொறுக்கவில்லை. போன வாரம் விருத்தகிரி பெட்டியைச் சேரில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போன நேரமாகப் பார்த்து, அதை எடுத்துத் தன் முகத்தில் வைத்துப் பார்த்தாள். வைத்த வேகத்தில் வீசினாள்.

“அய்யய்யோ, ஏரிக்கரையில ஒருத்தி உக்காந்திருக்காடி! இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இல்ல! காலே இல்லடி கனகா! காலு இல்லாதது என்னாடி? பேயிதான்!”

அந்த மாதிரிப் பெட்டிக்குள் தெரிகிற பொம்மைகளுக்குப் பெரும்பாலும் கால் கிடையாது என்பதை அவர்களுக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை. கனகா பேய் என்பதை முழுதாக நம்பவில்லை. ஆனால் பேயோ பொம்பளையோ, தன்னிடம் பேசாத பேச்சை எல்லாம் தன் வீட்டுக்காரர் அவளிடம் பேசுகிறார். கனகாவுக்கு அதுவே போதும். திங்கட்கிழமை அம்சவல்லியைக் கூட்டிக்கொண்டு மணவாளநல்லூருக்குப் போனாள்.

விருத்தாசலத்துக்காரர்கள் போலீஸ் ஸ்டேஷனில் தீராததை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டித்தான் தீர்த்துக்கொள்வார்கள். பேரையும் ஊரையும் குறையையும் காகிதத்தில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதி முன்னால் இருக்கிற வேலில் நூலால் கட்டிவிட்டு வரவேண்டும். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. கனகா சொல்லச் சொல்ல அம்சவல்லி எழுதினாள். ‘வெண்பா என்கிறவள் எங்கள் குடும்பத்தை விட்டு விலக வேண்டும். அவள் நிழல்கூட எங்கள் பக்கம் வரக் கூடாது.’

கட்டிவிட்டு வந்ததிலிருந்து மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை. இதுவரை நடந்த கதை இதுதான். இனி இன்றைக்கு.

* * *

வெயில் ஏறிய பிறகு அறிவழகன் வந்து சேர்ந்தான். பையை வாசலிலேயே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“என்னாடா கண்ணு இப்படிக் கருத்துப் போயி வந்திருக்க?”

“ஊர் ஊரா சுத்துறேம்மா. சேலம், திருச்சி, தஞ்சாவூரு. பஸ்ஸுலயே தூங்கி பஸ்ஸுலயே எழுந்திரிக்கிறேன்.”

“அப்படி என்னா வேலை அது?”

“இந்த ஹெட்செட்ட யார் யாரு வச்சிருக்காங்க, வச்சிக்கிட்டு என்னா பண்றாங்கன்னு வூடு வூடா போயி கேட்டுட்டு வரணும். நம்ம வூடும் அதுல இருக்குது. அப்பாவும்தான் தெனமும் போடுறாரே.”

கனகா கத்திரிக்காயை அரிந்துகொண்டே, ஏதோ கடைவீதி விஷயம் கேட்பதுபோலக் கேட்டாள். “மத்தவங்கல்லாம் என்னா பண்றாங்களாம்?”

அவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

“ஆபீஸ்ல ஒரு நெனப்பு வச்சிருந்தாங்கம்மா. வயசுப் பசங்க, தனியா ரூமு எடுத்து இருக்கிறவன், கேமு வெளையாடுறவன், இவன்தான் வாங்குவான்னு. வாங்குறது அவன்தான். மொத வாரம் வூட்டுக்கு வரவன் போறவனுக்கெல்லாம் மாட்டி உட்டு வேடிக்க பாக்குறான். அடுத்தாப்ல தலை சுத்துதுங்கிறான், மூக்கு மேல தழும்பு உழுவுதுங்கிறான். அப்புறம் தூக்கி பரண்ல போட்டுடுறான். நான் போற வூட்ல பாதிப் பேரு பரணத்தான் காட்டுறாங்க.”

“மீதிப் பேரு?”

“அவங்கதான் அதிசயம். சேலத்துல ஒரு அம்மா, துபாயில இருக்கிற புள்ளையோட உள்ள உக்காந்து கேரம் ஆடுது. தஞ்சாவூர்ல ஒருத்தருக்குக் காது கேக்காது. உள்ள கையாலயே பேசுற கூட்டம் ஒண்ணு இருக்குதாம், காபி குடிக்கிற நேரம் போவ அங்கயே கெடக்குறாரு. தெனமும் போடுறவங்க யாரும் வெளையாட்டுக்காவப் போடலம்மா. உள்ள அவங்களுக்குன்னு ஒரு ஆளு காத்திருக்குது.”

அருவாமனையில் கனகாவின் கை நின்றது.

“உங்கப்பாவுக்கு யாருடா காத்திருக்கிறது?”

அறிவழகன் கண்ணைத் திறந்தான். அம்மாவைப் பார்க்காமல் துண்டைத் தேடினான். “குளிச்சிட்டு வரேம்மா. ஒடம்பெல்லாம் புழுதி.”

* * *

மத்தியானம் விருத்தகிரி வந்தார். காதோரத்திலும் புருவத்திலும் கம்பெனி வெள்ளைத்தூள் அப்பியிருந்தது. மகனைப் பார்த்து, “வந்தியா?” என்றார். குளித்தார். வீட்டில் வெறும் உடம்போடு இருக்கிற மனுஷன், இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். தலை வாரி விபூதி பூசினார். சாப்பாட்டை மட்டும் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு நாளாக இப்படித்தான் எழுந்துகொண்டிருந்தார்.

சேரைச் சுவர்ப் பக்கம் இழுக்கும்போது அறிவழகன் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

“அப்பா, ஆபீஸுக்கு ஒரு நாலு கேள்வி. எல்லா வூட்லயும் கேக்குறதுதான்.”

“கேளு.”

கனகா சமையலறை வாசற்படியில் முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் கீரை அன்றைக்கு ஆய வேண்டியதே இல்லை.

“உக்காந்துக்கிட்டா நின்னுக்கிட்டா?”

“உக்காந்துதான். நின்னப்ப ஒருக்கா காலண்டர கிழிச்சிட்டேன்.”

“போடுறதுக்கு முன்னாடி எதனா பழக்கம்?”

“குளிப்பேன். சட்டை போட்டுக்குவேன்.”

“உள்ள நீங்க தெரிய மாட்டீங்களேப்பா. கோட்டு போட்ட பொம்மைதான தெரியும்.”

“தெரியாதுதான். அதுக்காவ?”

“நடுவுல வூட்ல யாராவது கூப்ட்டா கழட்டுவீங்களா?”

“கூப்ட்டா கழட்டுவேன். யாரும் கூப்புடறதில்ல.”

கனகாவுக்குச் சுருக்கென்றது. உண்மைதான், ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்லை. கோபத்தில் பாத்திரத்தைத் தூக்கி அடித்திருக்கிறாள், பெயர் சொல்லாமல் முனகியிருக்கிறாள். ‘ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க’ என்று கூப்பிடத் தோன்றவில்லை.

“உள்ள எங்க போவீங்க?”

“ஏரிக்கரை. எதுத்தாப்ல பனிமலை. பெஞ்சு ஒண்ணு கெடக்கும்.”

“அங்க என்னா பண்ணுவீங்க?”

“பேசுவேன். வெண்பாவோட.”

அறிவழகன் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. அடுத்த கேள்வியைக் கனகா கேட்டாள்.

“அப்படி என்னாதான் பேசுவீங்க?”

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத முகம்.

“ஒண்ணுமில்ல. இன்னைக்கு உங்க வூட்ல என்னா கொழம்பு சார்னு கேக்கும். சொல்லுவேன். வத்தக்கொழம்புன்னா அதுக்கு உசுரு. வெந்தயம் தாளிச்சாங்களா சார், அப்பளம் பொரிச்சாங்களா சார்னு கேட்டுக்கிட்டே இருக்கும்.”

கனகா எழுந்துவிட்டாள். மடியில் இருந்த கீரை தரையெல்லாம் சிதறியது.

“ஓஹோ! அதான் காத்தாலயே என்னா கொழம்புன்னு கேட்டுட்டுப் போறதா? என் கையால ஆக்கிப்போடுற சோத்துக் கதைய எவளோ ஒருத்தி கேக்கறதுக்கா? கேளுங்க, சொல்லிடுறேன். நான் பிராது கட்டிட்டேன். திங்கக்கெழம போயி அந்த வெண்பா பேர்ல கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிட்டு வந்துட்டேன். இனிமே அவளாச்சு, சாமியாச்சு.”

“யாரு மேல?” அறிவழகனின் குரல் வேறு மாதிரி வந்தது. “அம்மா, என்னான்னு எழுதுன?”

“எங்க குடும்பத்த உட்டு வெலகணும், அவ நெழலுகூட எங்க பக்கம் வரக் கூடாதுன்னு.”

“அம்மா, அது நம்ம பாரதிம்மா.”

கனகா மகனையே பார்த்தாள். பாரதி என்ற பெயரை அந்த வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ நாளாயிற்று.

“எனக்கு ஆபீஸ்ல ரெண்டு குடுத்தாங்க,” என்றான் அவன். “ஒண்ண இங்க வச்சேன். ஒண்ண அவளுக்கு அனுப்பினேன். ரெண்டும் ஒரே ஏரிக்கரைக்கு வர மாதிரி பண்ணி உட்டேன். வேற பேர்ல வான்னு அவகிட்ட சொல்லி வச்சேன். அப்பாவுக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியும்,” என்றார் விருத்தகிரி.

இரண்டு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மொத நாளே தெரியும். ஊர்ல இருக்கிற கப்பையெல்லாம் தட்டி சத்தத்த வச்சி தரம் பிரிக்கிறேன். நான் பெத்த புள்ள கொரலு எனக்குத் தெரியாதா?”

“அப்ப பாரதியான்னு கேட்டிருக்கலாமில்லப்பா?”

“கேட்டா ஆமாப்பான்னு சொல்லிடும். சொல்லிடுச்சின்னா நான் எழுந்து வந்துடணும். சார்னே கூப்புடட்டும்னு உட்டுட்டேன்.” மனைவியின் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். “மூஞ்சில முழிக்க மாட்டேன்னுதான கனகா சத்தியம் பண்ணேன்? அங்க மூஞ்சி ஏது? பொம்மை மூஞ்சிதான்.”

கனகா அழுவாள் என்று அறிவழகன் நினைத்தான். அவள் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சேரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பேசும்போது குரலில் சத்தமே இல்லை.

“உங்க சத்தியத்துக்காவத்தான நான் எம் பொண்ணு நம்பர பிளாக் பண்ணேன்? தெருவுல எந்தப் பொண்ணாவது அம்மான்னு கூப்ட்டா திரும்பிப் பாத்துட்டு, யாராவது கவனிச்சிட்டாங்களான்னு பயந்துக்கிட்டு வருவேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அவகிட்ட பேசலாமாங்கன்னு உங்ககிட்ட கேக்க வாயத் தொறந்து மூடிக்கிட்டேன், நீங்க மனசு ஒடிஞ்சிடுவீங்கன்னு. உங்களுக்கு உங்க சத்தியத்துல ஒரு சந்து கெடச்சிது, பூந்து போயிட்டீங்க. என்னையும் கூட்டிக்கிட்டுப் போவணும்னு தோணலியா?”

“தோணிச்சி.”

“அப்புறம்?”

“எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. உங்கிட்ட பேசியே ரொம்ப நாளாச்சி.”

அதற்குமேல் சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. தன் வீட்டு வெந்தயத்தையும் அப்பளத்தையும் மகள் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அது தெரியாமல் எத்தனையோ நாள் கடனே என்று உப்பைப் போட்டு இறக்கி வைத்திருக்கிறோமே என்று நினைத்தபோதுதான் கண்ணீர் வந்தது.

“இப்ப இருப்பாளா உள்ள?”

விருத்தகிரி தலையைக் குனிந்தார். “செவ்வாக்கெழம வந்துச்சி. கொரலு சரியில்ல. விரிசல் உட்ட கப்பு சத்தம் மாதிரி இருந்திச்சி. என்னாம்மான்னேன், ஒண்ணுமில்ல சார்னுது. அப்புறம் ரெண்டு நாளா வரல.”

திங்கட்கிழமை பிராது. செவ்வாய்க்கிழமை குரல் சரியில்லை. கனகா மகன் பக்கம் திரும்பினாள்.

“அறிவு, அவளுக்குப் போன போடு.”

அவன் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தான். ஸ்விட்ச் ஆஃப்.

“அவ வூட்டுக்காரருக்குப் போடு.”

“அந்தாளு நம்பரு...” என்று இழுத்தான். “சண்டையன்னிக்கே பிளாக் பண்ணி அழிச்சிட்டேம்மா. நான் பாரதிகிட்ட மட்டும்தான் பேசுவேன்.”

“நல்ல குடும்பம்டா,” என்றாள் கனகா. “ஆளாளுக்குக் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கோம். அதக் குடுங்க இங்க.”

விருத்தகிரி ஹெட்செட்டை எடுத்துக் கொடுத்தார். அவளுக்கு மாட்டத் தெரியவில்லை. அவரே பின்னால் நின்று பட்டையை இறுக்கினார், கொண்டை தடுத்தது, அதை அவிழ்த்துவிட்டார். அவர் கை தன் தலையில் பட்டது அவளுக்கு விநோதமாக இருந்தது.

* * *

ஏரி இருந்தது. பனிமலை இருந்தது. எங்கோ ஒரு பறவை கத்திக்கொண்டே இருந்தது. கனகா குனிந்து தன்னைப் பார்த்தாள். கறுப்புக் கோட்டுக் கை இரண்டு அந்தரத்தில் மிதந்தன, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அம்சவல்லி சொன்ன பேய் இதுதான் போல என்று நினைத்துக்கொண்டாள்.

பெஞ்சு காலியாகக் கிடந்தது.

கொஞ்ச நேரம் பார்த்தாள். தலை சுற்றியது. மூக்கின் மேல் அந்தப் பெட்டி அழுத்தியது. கழற்றிவிடலாம் என்று கையைத் தூக்கியபோது பெஞ்சில் ஒரு பெண் பொம்மை முளைத்தது. ரெட்டைப் பின்னல். மஞ்சள் சட்டை. தலைக்கு மேல் ‘வெண்பா’ என்று எழுத்து.

கனகா வாயைத் திறந்தாள். குரல் வருவதற்குள் அந்தப் பொம்மை பேசிவிட்டது. ஆனால் வந்தது ஆண் குரல்.

“மாமா... மாமா, எழுந்து போயிடாதீங்க. நான் ராஜ்மோகன். உங்க வூட்டு நம்பருக்கெல்லாம் அடிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணுக்கும் போவ மாட்டேங்குது. துணி எடுக்க வூட்டுக்கு வந்தேன். இது கண்ணுல பட்டுச்சி. நீங்க இந்த நேரத்துக்கு வருவீங்கன்னு பாரதி சொல்லும்.”

பெட்டியிலிருந்து கசிந்த சத்தத்தைக் கேட்க விருத்தகிரி மனைவியின் காதோரம் குனிந்தார். அறிவழகன் அந்தப் பக்கம் குனிந்தான்.

“பாரதி ஆஸ்பத்திரில இருக்குது மாமா. ஏழு மாசம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு சொல்லாமலே இருந்துடுச்சி. பிரஷர் ஏறி மொகமெல்லாம் வீங்கிப் போச்சி. உடனே ஆபரேஷன் பண்ணி கொழந்தைய எடுக்கணும்ங்கிறாங்க. அது கையெழுத்துப் போட மாட்டேன்னு அழுவுது. அம்மா வரட்டும், அம்மா வந்தாதான் உள்ள போவேன்னு. அழுதா இன்னும் ஏறுதுன்னு டாக்டரு என்னத் திட்டுறாங்க.”

பொம்மை முகம் சிரித்த மேனிக்கே இருந்தது. குரல் மட்டும் உடைந்துகொண்டிருந்தது.

“வெண்பான்னு பேர மாத்தி ஏமாத்துனதா நெனச்சிக்காதீங்க மாமா. பொண்ணு பொறந்தா வெண்பான்னுதான் வைக்கணும்னு அது மொதல்லயே எடுத்து வச்ச பேரு. தாத்தா வாயால அந்தப் பேர கூப்ட்டு முன்னாடியே கேட்டுக்குறேன்னு சொல்லிச்சி. மாமா, நீங்க வர வேணாம். அத்தைய மட்டும் அனுப்பி வைப்பீங்களா?”

மணவாளநல்லூரில் வேலில் கட்டிய காகிதம் காற்றில் ஆடுவது கனகாவின் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அந்தப் பனிமலையைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அவள் எழுதச் சொன்ன பெயர், இன்னும் பிறக்காத பேத்தியின் பெயர்.

“மாப்ள,” என்றாள்.

மீசை வைத்த கோட்டுப் பொம்மையிடமிருந்து பெண் குரல் வந்ததும் எதிர்ப் பொம்மை அப்படியே நின்றது.

“நான் மாமா இல்ல. அத்தை பேசுறேன். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க.”

ரெட்டைப் பின்னல் பொம்மை இரண்டு கையையும் கூப்பியது.

* * *

தெருமுனையில் அம்சவல்லி பிடித்துக்கொண்டாள். அறிவழகன் ஓடிக்கொண்டே இரண்டு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னான். அவள் வாயில் அடித்துக்கொண்டாள்.

“அடிப்பாவி, நானே என் கையால எழுதினேனே! கனகா, கட்டினவதான் போயி, பிராத வாபஸ் வாங்கிக்கிறேன்னு ராஜினாமா எழுதிக் குடுக்கணும். வேற யாரு போனாலும் சாமி கணக்குல சேராதுடி. இப்ப நடை சாத்தியிருக்கும். சாயங்காலம் தொறந்ததும் போயி முடிச்சிட்டு அப்புறம் விழுப்புரம் போயேன்.”

கனகா நின்றாள். பிராதோடு போய் மகள் தலைமாட்டில் நிற்பதா? ராஜினாமா கொடுக்கும்வரை மகளைக் காக்க வைப்பதா? பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது. மணவாளநல்லூர் இருக்கிற பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“ஐயா கொளஞ்சியப்பா, தெரியாம கட்டிட்டேன். வந்து அவுத்துடுறேன். எம் பொண்ண பாத்துட்டு வர வரைக்கும் இந்தக் கேசுக்கு வாய்தா போடு.”

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அறிவழகன் பக்கத்தில் உட்கார்ந்தான். கூடவே ஓடிவந்த அம்சவல்லிக்குப் பக்கத்தில் விருத்தகிரி கீழே நின்றுகொண்டிருந்தார். இஸ்திரிச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. மார்போடு ஒரு துணிப்பையை அணைத்திருந்தார். பையின் வாயில் ஹெட்செட்டின் பட்டை தொங்கியது.

“அது எதுக்கு?” என்றாள் கனகா ஜன்னல் வழியாக.

அவர் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மூலையில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சத்தியமும் கெடாது, மகள் குரலும் கேட்கும் என்று அந்த மனுஷன் கணக்குப் போட்டிருக்கிறார்.

“உங்க பொண்ணு மொகம் வீங்கிப் போயி கெடக்குதாம்,” என்றாள் கனகா. “நான் பாக்கப் போறேன். நீங்க வர்றதா இருந்தா அந்தப் பைய அம்சவல்லி கையில குடுத்துட்டு, கண்ணத் தொறந்துக்கிட்டு வாங்க. இல்லன்னா வூட்டுக்குப் போயி சோத்த சாப்புடுங்க. காராமணி கொழம்பு பாதி அப்படியே இருக்குது.”

அம்சவல்லி கையை நீட்டினாள். விருத்தகிரி பையைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார்.

டிரைவர் கியரைப் போட்டார். கண்டக்டர் விரலில் டிக்கெட்டைக் கிழிக்கத் தயாராக வைத்துக்கொண்டு குனிந்தார்.

“விழுப்புரமாம்மா? ரெண்டா, மூணா?”

கனகா ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கொஞ்சம் இருங்க தம்பி, சொல்றேன்,” என்றாள். பஸ் நகரத் தொடங்கியது.